மருதக் கண்மாயில் இறக்கிய நோவு

இந்த ஊருல நோவு இறக்குறதுக்குன்னு மொத மொதல்ல கடையில வெளிமீன் வாங்கியாந்து விட்டவ நாந்தான், அதை வேற எவளும் சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிப்புடுறேன், ஏன்னா இன்னைக்கு மினிபஸ்ஸை விட்டு இறங்குற சனம் அத்தனையும் மடைகாத்தாள் மகிமை, மடைகாத்தாள் மகிமைன்னு கன்னத்துல போட்டுக்குது, அந்த மகிமைக்குப் பின்னாடி என் ரெண்டு கையில இருந்த படையும் ஒரு பாலிதீன் பையும் இருந்துச்சுங்கறது அதுகளுக்குத் தெரியாது. என் பேரு பஞ்சவர்ணம். எங்க வீட்டுக்காரரு வீரணன் மருதக் கண்மாயில வலை போட்டு மீன் எடுத்தாருவாரு, நான் கூடையில சுமந்து நாலு தெரு சுத்தி வித்துட்டு வருவேன். இருபது வருசமா அதான் பொழப்பு.

அப்பத்தான் என் ரெண்டு கையிலயும் மணிக்கட்டு வரைக்கும் வெள்ளை வெள்ளையா தோல் உதிர ஆரம்பிச்சுச்சு. மீன் விக்கிறவ கையில செதில் கெடந்தா யாரு கவனிக்கப் போறான்னு நீங்க நெனைக்கலாம், நல்லாக் கவனிப்பாங்க. நாலு தெருப் பொம்பளைகளும் கூடையை எட்டிப் பாத்து, மீனைப் பாத்து, என் கையைப் பாத்து, "இன்னைக்கு வெள்ளிக்கெழமையில்ல, நாங்க கவுச்சி எடுக்க மாட்டோம்"னு புதன்கெழமை அன்னைக்குச் சொன்னாளுக. களிம்பு போட்டேன், வேப்பங்கொழுந்து அரைச்சுப் பூசினேன், ஊசி போட்டேன், படை பாட்டுக்கு இருந்துச்சு.

எங்க ஊருல படை, மரு, தேமல்னு எது வந்தாலும் மடைகிட்ட வெல்லம் கரைச்சு, வேத்துக் கண்மாய் மீன் ஒண்ணைத் தண்ணியில விடுறது வழக்கம். நம்ம கண்மாய் மீனையே பிடிச்சு நம்ம கண்மாயிலயே விட்டா அது நேர்த்திக்கடன் ஆகாது, அது மடைச் சாமி மடைகாத்தாள் வீட்டுச் சொத்தை எடுத்து அவளுக்கே குடுக்குற வேலை, அதனால பக்கத்து ஊருக் கண்மாயில ஒரு கெண்டையோ குறவையோ பிடிச்சுக் குடத்துல கொண்டாந்து விடுவாங்க. அதுல யாருக்கும் எதுவும் கொணமானதா நான் கண்டதில்ல, எதுவும் கெட்டதாவும் கண்டதில்ல. ஆனா நான் நேர்ந்துக்கிட்ட வருசம் சுத்துப்பட்டுக் கண்மாயெல்லாம் காஞ்சு கருவேலங்காடாக் கெடந்துச்சு, வேத்து மீனுக்கு நான் எங்க போவேன், டவுனுக்குப் போயி கலர்மீன் கடை தர்மர்கிட்ட ஒரு தங்கமீன் வாங்கினேன். அது மினிபஸ்ஸுல வரும்போதே பையில மல்லாந்துருச்சு. மறுவாரம் வாங்குனதும் அப்படித்தான். தண்ணியைத் தொடுறதுக்கு முன்னாடி மீன் செத்தா நோவு ரெட்டிப்பாகும்னு பூசாரி மாயழகு வேற பயமுறுத்திட்டாரு. மூணாவது தடவை தர்மர்கிட்டச் சொன்னேன், "ஏப்பா, அழகெல்லாம் வேணாம், சாகாத மீனாக் குடு."

தர்மர் கண்ணாடித் தொட்டிக்குள்ள கையை விட்டு, ஓரமா ஒட்டிக்கிட்டுக் கெடந்த கருப்பு மீன் ஒண்ணைப் பிச்சு எடுத்தான். "இது டேங்க் கிளீனரு, அக்கா. தொட்டிப் பாசியைத் துடைக்கிற மீன். தரையில போட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு எடுத்தாலும் உசுரோட இருக்கும்." மேலெல்லாம் ஓடு மாதிரி கெட்டி, முதுகுல முள்ளு, வாய் வயித்துப் பக்கம் இருந்துச்சு. இந்த மூஞ்சியையா சாமிக்குக் குடுக்குறதுன்னு ஒரு நிமிசம் யோசிச்சேன், அப்புறம் என் கையைப் பாத்தேன், வாங்கிட்டேன்.

மீனைத் தண்ணியில விட்டதும் ரெண்டு கைப் படையும் சட்டையைக் கழட்டுற மாதிரி கழண்டு, தண்ணிக்குள்ள சுருண்டு சுருண்டு, கொத்தமல்லி வெதையைப் பொளந்த அளவு, மீன் ரத்தம் உறிஞ்சுற ஒரு மீன்பேன் ஆகி, அந்தக் கருப்பு மீனோட செவுளுக்குப் பின்னாடி போயி ஒட்டிக்கிருச்சு. கண்ணாடி மாதிரி ஒடம்பு, ரெண்டு கரும்புள்ளிக் கண்ணு. மீன் விக்கிறவளுக்கு மீன்பேன் தெரியாதா, பாத்ததும் தெரிஞ்சுச்சு. வலையைக் காயப்போட்டுக்கிட்டிருந்த எங்க வீட்டுக்காரரு, "போயிருச்சா?"ன்னாரு. "போயிருச்சு"ன்னேன். "சரி, வெயில் ஏறுது, கூடையை எடு"ன்னாரு. அன்னைக்கு நாலு தெருவுலயும் கைய நீட்டி நீட்டி மீன் வித்தேன், சந்தோசம்னா அப்படி ஒரு சந்தோசம்.

சும்மா இருந்திருக்கலாம் நான். என் வாய் சும்மா இருக்குமா, எதுத்த வீட்டுக்காரி கேட்டா, சொன்னேன், அவ தன் மாமியாரு மூட்டுவலிக்கு ஒரு டேங்க் கிளீனர் வாங்கியாந்து விட்டா, அது கொணமாச்சு, அவ நாத்தனாரு ஊருலயிருந்து ஒத்தத் தலைவலிக்காரி வந்தா, அவளுக்குப் பின்னாடி மூலக்காரரு வந்தாரு, ரிட்டையர் தாசில்தாரு வெலகாத வாதத்தோட கார்ல வந்து நடந்து போனாரு, ஒரு ஆவணி போயி மறு ஆவணி வர்றதுக்குள்ள மினிபஸ் நாலு நடை வந்துச்சு, மடையோரம் வெல்லக் கடை வந்துச்சு, தர்மர் டவுன் கடையைப் பூட்டிட்டு கண்மாய்க்கரையிலயே கீத்துக்கொட்டாய் போட்டான். படைக்கும் மருவுக்கும் இருந்த வழக்கம் இருமலுக்கு வந்து, சக்கரைக்கு வந்து, தூக்கம் வராததுக்கு வந்து, கடைசியில மருமக சொல்பேச்சுக் கேக்கலைங்கற மனவருத்தத்துக்கு வந்துச்சு. எல்லாம் மீன்பேனாகி எறங்குச்சு. எறக்கினவுக வீசுன கையோட ஊருக்குப் போனாங்க.

பேனு மட்டும் அந்தக் கருப்பு மீன்மேல நிக்கல. ஓடு மாதிரி கெட்டி ஒடம்புல எத்தனை நாளு பல்லு ஏறாம உக்காந்திருக்கும், அது பாட்டுக்கு எறங்கி, தோலு மெல்லிசா இருக்குற நம்ம மீனாத் தேடி ஏறுச்சு. மொதல்ல எங்க வீட்டுக்காரருதான் பாத்தாரு. விரா மீனு சாதாரணமா மூச்செடுக்க மேல வரும், வந்துட்டுப் போயிரும். அந்த வருசம் ஒரு விரா மேல வந்து போகவே இல்ல, தலையை நீட்டிக்கிட்டு இழுத்துக்கிட்டே கெடந்துச்சு, அது மீன் விட்டு எறக்கிட்டுப் போன புதூர் வாத்தியாரோட மூச்சிழுப்புன்னு கேட்ட ஒடனே தெரிஞ்சுச்சு. கெண்டை ஒண்ணு கண்புரையோட மடைக் கல்லுல முட்டி முட்டித் திரும்புச்சு. அயிரைக் கூட்டம் ராப்பகலா ஒறங்காம ஒரே எடத்துல சுத்துச்சு. ஊரு இதுக்கும் பழகிக்கிருச்சு, பழகாத ஊரு உண்டா. வெளியூருக்காரங்க வந்து கரையில நின்னு, "எங்க அப்பா இருமல் எப்படி இருக்கு?"ன்னு விசாரிச்சாங்க, பூசாரி கைய நீட்டி, "அந்தா அந்தக் கெளுத்திதான், நல்லாத்தான் இருக்கு"ம்பாரு, அவங்க அதுக்கு ரெண்டு பொரி போட்டுட்டுப் போவாங்க.

என் கூடையைத்தான் யாரும் தொடல. "ஏக்கா, இது யாரு நோவு?"ன்னு மீன் வாலைப் பிடிச்சுக் கேட்டாளுக. "சுத்தமான குறவைடி ஆத்தா"ன்னேன். "சுத்தம்னா ஏன் நொண்டுது?"ன்னாளுக. 

அப்புறம் சாக ஆரம்பிச்சுச்சு. மொதல்ல அயிரை, அப்புறம் கெண்டை, உளுவை, ஆரா, கெளுத்தி, ஒண்ணொண்ணா வெள்ளை வயித்தைக் காட்டிக்கிட்டுக் கரையில ஒதுங்குச்சு. டேங்க் கிளீனர் மட்டும் பெருத்து, பெருகி, கரையில வளை தோண்டி, எங்க வீட்டுக்காரரு வலையை முள்ளால கிழிச்சு, சல்லடையாக்கிப் போட்டுச்சு. மீன்வளக் காலேசுலயிருந்து எஸ்தர் டீச்சருன்னு ஒரு பொண்ணு, பெட்டியில பூதக்கண்ணாடி வச்சுக்கிட்டு வந்துச்சு. பேனை வச்சுப் பாத்துட்டு, "வலது முழங்கால் வாதம், அறுபது வயசு இருக்கும்"னு நோட்டுல எழுதிக்கிச்சு. என்னையும் எங்க வீட்டுக்காரரையும் கூப்புட்டு வச்சுச் சொல்லுச்சு, "அக்கா, இந்த வெளிமீன் இருக்கே, இது சுமக்குற மீனு, நோகுற மீனு இல்ல. எத்தனை பேன் ஏறினாலும் அதுக்கு ஒண்ணும் ஆகாது. நம்ம மீனு இதை ஒரு நாளும் பாத்ததில்ல, அதுக்குத் தாங்கத் தெரியாது. அதாலதான் வெளிமீன் செயிக்குது. சண்டை போட்டு இல்ல, பேனை விட்டே செயிக்குது."

"நம்ம மீனு எல்லாம் தீந்துட்டா, பேனு என்ன செய்யும்மா?"ன்னு எங்க வீட்டுக்காரரு கேட்டாரு.

அந்தப் பொண்ணு பூதக்கண்ணாடியைப் பெட்டியில வச்சு மூடுச்சு. "பேனு பட்டினியா ரொம்ப நாள் இருக்காதுண்ணே. தண்ணிக்குள்ள எது எறங்குதோ அதுல ஏறும். வெளிமீன் விடுறதை ஒடனே நிறுத்தச் சொல்லுங்க, நீங்களும் தண்ணியில எறங்காதீங்க."

எறங்காம எப்படி. கண்மாயில எறங்குறது ஊருலயே எங்க தெரு மட்டுந்தான், அதுலயும் மத்த ஆம்பளைக எல்லாம் மீன் செத்ததும் திருப்பூருக்கு பனியன் கம்பெனிக்குப் போயிட்டாங்க, மிச்சம் இவரு ஒருத்தரு. விடியவிடிய எறங்குவாரு, மொதல்ல இருமல் வந்துச்சு. இருமிட்டு "சிவ சிவா"ன்னாரு. எங்க தெருவுல யாரும் சிவ சிவான்னு சொல்ல மாட்டாங்க, அது யாரோ ஒரு மேலத்தெரு ஆளு இருமலு. அப்புறம் இடது கால் பெருவிரல் வீங்குச்சு, அப்புறம் இனிப்பைக் கண்டா கை நீண்டுச்சு, அப்புறம் யாரோட மருமகளையோ நெனச்சு உக்காந்து அழுதாரு. 

மந்தையில கூட்டம் போட்டப்ப நான் எந்திரிச்சுச் சொன்னேன். "மீன் விடுறதை நிறுத்துங்க. மொதல்ல விட்டவ நாந்தான், நாஞ் சொல்றேன், தப்புப் பண்ணிட்டேன். என் வீட்டு ஆம்பளை செத்துப் போயிருவாரு."

ஊர் நாட்டாரு சேவுகப்பெருமாள் வெத்தலையை ஒதுக்கிட்டு நிதானமாக் கேட்டாரு, "உன் கை நல்லாயிருச்சுல்ல?"

"ஆயிருச்சு."

"அடுத்தவன் காலு நல்லாக வேணாமா?"

கூட்டத்துல யாரோ சிரிச்சாங்க.  கைய முந்தானைக்குள்ள வச்சுக்கிட்டு உக்காந்துட்டேன்.

பங்குனியில மீன்பிடித் திருவிழா வந்துச்சு. தண்ணி வத்துற காலத்துல, தண்ணி வழியிற கலுங்கு மேல நின்னு நாட்டாரு வெள்ளைத் துண்டை வீசுவாரு, வீசுனதும் சுத்துப்பட்டுச் சனம் பூராவும் சாதி சனம் பாக்காம, அடியில்லாத ஊத்தாக் கூடையைத் தூக்கிக்கிட்டு ஒரே நேரத்துல கண்மாய்க்குள்ள எறங்கும், அன்னைக்குப் பிடிச்ச மீனை யாரும் விக்கக் கூடாது, எல்லா வீட்டுலயும் கொழம்பு கொதிக்கணும், எறங்காம விட்டா மறுவருசம் மழை பெய்யாது. அந்த வருசமும் சனம் வந்துச்சு. ஊத்தாவோட கரை நெடுக நின்னுச்சு. ஒத்தக் காலு தண்ணியில படல. எல்லாருக்கும் தெரியும், உள்ள நாலு சில்லாவுக்காரங்க நோவு பட்டினியாக் கெடக்கு.

நாட்டாரும் பூசாரியும் கொஞ்ச நேரம் குசுகுசுன்னு பேசினாங்க. ஊருக்காக ஒருத்தரு எறங்கினா ஊரே எறங்குன கணக்குன்னு முடிவாச்சு. எல்லாரும் திரும்பி எங்க வீட்டுக்காரரைப் பாத்தாங்க.

"அந்த ஒருத்தரு நாட்டாரா இருக்கட்டுமே"ன்னேன்.

"அவருக்கு ஊத்தா குத்தத் தெரியாது புள்ள"ன்னு சொல்லிட்டுச் சிரிச்சாரு இவரு. வேடிக்கைக்குச் சொல்லல, நெசமாவே அதைத்தான் நெனச்சாரு. அவரு குணம் அப்படி, கேட்டா இல்லைன்னு சொல்லத் தெரியாது, அந்தக் குணத்துக்காகத்தான் எங்க அய்யா என்னைக் கட்டிக் குடுத்தாரு. நான் அவரு ஊத்தாவைப் பிடுங்கி மிதிச்சு ஒடைச்சேன். பக்கத்துல நின்னவன் தன்னோட ஊத்தாவை நீட்டினான், எவ்வளவு மரியாதையா நீட்டினான் தெரியுமா, ரெண்டு கையாலயும்.

துண்டு வீசுனாங்க. இவரு தண்ணியைத் தொட்டுக் கும்புட்டுட்டு எறங்கினாரு. முழங்கால் வரைக்கும் போனாரு, இடுப்பு வரைக்கும் போனாரு, நெஞ்சளவு போனாரு. அவரைச் சுத்தித் தண்ணி அரிசி களைஞ்ச தண்ணி மாதிரி வெளுத்துச்சு, அப்புறம் தெளிஞ்சுச்சு, தள்ளிப் போயி நின்னாரு, அங்கயும் வெளுத்துச்சு, தெளிஞ்சுச்சு. இப்படி மூலைக்கு மூலை போயி ஊத்தா குத்தினாரு. கரையில சனம் கொலவை போட்டுச்சு. ஒரு டேங்க் கிளீனரைக் கையில பிடிச்சுக்கிட்டு அவரு கரையேறும்போது முதுகு வளைஞ்சிருந்துச்சு, ஒரு கண்ணு மூடியிருந்துச்சு, கை ரெண்டும் நடுங்குச்சு, மூச்சு புதூர் வாத்தியாரு மாதிரி இழுத்துச்சு. மீனை மடைகாத்தாள் காலடியில வச்சுட்டு அப்படியே உக்காந்துட்டாரு. வேட்டுப் போட்டாங்க.

மறுவாரம் எஸ்தர் டீச்சர் வந்து தண்ணியை மொண்டு பாத்துச்சு. ஒரு பேனு இல்ல, அம்புட்டும் இவரு மேல ஏறியிருந்துச்சு. "தண்ணி சுத்தமா இருக்கு"ன்னு நோட்டுல எழுதிட்டு, இவரு பக்கத்துல வந்து உக்காந்து, "அண்ணே"ன்னுச்சு. நோட்டை மூடிட்டு எந்திரிச்சுப் போயிருச்சு.

டீக்கடையிலதான் ஆரம்பிச்சது. பல்வலியோட மீன்பையைத் தூக்கிக்கிட்டு வந்த ஒரு ஆளு, இவரு தள்ளாடுறதைப் பாத்துட்டுக் கைய பிடிச்சுப் பெஞ்சுல உக்கார வச்சான். அவன் பல்வலி இவரு மேல ஏறிருச்சு, அவனுக்குப் போயிருச்சு. நல்ல மனுசன்தான், ஒதவி செய்யத்தான் தொட்டான். அவன் பையில இருந்த மீனை என்ன செய்யிறதுன்னு தெரியாம முழிச்சுக்கிட்டு நின்னான். சாயங்காலத்துக்குள்ள ஊருக்கே தெரிஞ்சு போச்சு, இனிமே மீன் தேவையில்லைன்னு.

இப்ப மடையோரம் மூங்கில் கட்டி வரிசை விடுறாங்க. இவரு ஒரு நாக்காலியில உக்காந்திருக்காரு, வர்றவுக அவரு கையைத் தொட்டுட்டு வெல்லத்தை வச்சுட்டுப் போறாங்க. தர்மர் மீன் யாவாரத்தை விட்டுட்டு வெல்ல யாவாரத்துக்கு மாறிட்டான். பஞ்சாயத்துல பச்சைப் பெயிண்டு அடிச்சு ஒரு போர்டு வச்சிருக்காங்க, "கண்மாயில் வெளிமீன் விடாதீர், நம் நீர்நிலையைக் காப்போம்"னு. அந்தப் போர்டு நெழல்லதான் இவரு நாக்காலி. படிச்சுட்டு நல்ல ஊருன்னு பாராட்டிட்டுப் போறவுகளும் உண்டு.

நான் சும்மா இல்ல. காலையில பழைய சேலையைக் கிழிச்சு அவரு ரெண்டு கையையும் சுத்திக் கட்டினேன், முழங்கையைத் தொட்டாங்க. முழங்கையைக் கட்டினேன், காதைத் தொட்டாங்க. தொடப்பத்தைத் தூக்கிக்கிட்டு வரிசையை வெரட்டினேன், உங்க வீட்டுல இழவு விழ, உங்க நோவை உங்க வீட்டுலயே வச்சு அழுங்கடான்னு வாய்க்கு வந்ததெல்லாம் வஞ்சேன். பூசாரி ஆளை விட்டு என்னை ஒதுக்கி நிறுத்தினாரு. இவருகிட்ட மன்றாடினேன், "ஏய்யா, நீயாவது கைய மடக்கிக்கய்யா."

"ஒரு பிள்ளை காய்ச்சலோட வந்து நிக்குது. மடக்குன்னா எப்படி மடக்குறது?"ன்னாரு.

 என்னால ஆனது ஒண்ணே ஒண்ணு, என் பங்குக்கு அவரு மேல எதையும் ஏத்தாம இருக்கிறது. அஞ்சு மாசமா அவரை ஒரு விரல் தொடல நான். சோத்துத் தட்டைத் தரையில வச்சு நகட்டுவேன், டீ டம்ளரைக் கீழ வச்சுட்டுத் தள்ளி நிப்பேன், அவரு மெதுவா நடுங்கிக்கிட்டே எடுத்துக் குடிப்பாரு. புருசனைத் தொடாம இருக்கிறதுதான் அவரைப் பேணுற வழின்னு ஆயிப்போச்சு. தொண்டியிலயிருந்து வர்ற ஐஸ் மீனை எடுத்து நான் மறுபடி கூடை தூக்குறேன், ஐஸோட சேந்து கூடை இப்ப முன்னை விடக் கனம், வலது தோள்பட்டை ராவெல்லாம் குத்தும். குத்தட்டும்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன்.

போன வாரம் ஒரு நாள் சாயங்காலம் அவரு எடுத்த டம்ளர் சரிஞ்சுச்சு. சுடு டீ மடியில கொட்டிரும்னு எட்டிப் பிடிச்சேன், என் விரல் அவரு விரல்ல பட்டுருச்சு. தோள்ல இருந்த குத்து அப்படியே போச்சு, அப்படி ஒரு சொகம், பத்து வயசு கொறைஞ்சுட்டாப்புல, வாய் விட்டு ஆவுன்னுட்டேன். அவரு டம்ளரை இடது கைக்கு மாத்திக்கிட்டு, வலது தோளை மெதுவா அமுக்கிப் பாத்தாரு. அவருக்கு எந்த நோவு யாருதுன்னு தெரியும், ஏறும்போதே தெரிஞ்சுரும். என்னை நிமுந்து பாத்தாரு.

"கூடை ரொம்பக் கனமோ?"ன்னு கேட்டாரு.

"ம்"னேன்.

மறுநாள் எனக்கு முழங்கால் வலிச்சுச்சு. டீ போட்டு எடுத்துக்கிட்டுப் போனேன். டம்ளரைக் கீழ வைக்கல, அவரு கையிலயே குடுத்தேன்.